மஞ்சளாய்த் தெரிந்த வெள்ளைத் தொப்பி

அத்தியாயம் 11

"இதைச் சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்றியா?"

ஜுமாகதிர் தன் கம்பளித் தொப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளியே நாரின் நகரம் முழுக்க முழங்கால் அளவு பனி. அந்த வெளிச்சத்தில் தொப்பியின் கறுப்புப் பூவேலை பளிச்சென்று தெரிந்தது.

"மஞ்சளடிச்சுக் கிடக்கு. தலைநகரத்துலேர்ந்து அமைச்சகத்து ஆள் வர்ற நாளு. முப்பத்திரண்டு வருஷம் ஆபரேஷன் கத்தி பிடிச்ச மனுஷன், மஞ்சத் தொப்பியோட போய் நிக்கணுமா?"

மருமகள் ஐபேரி தொப்பியைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. இந்த ஒரு வாரத்தில் மூன்று தடவை ரவையைத் தூவித் தேய்த்துத் தட்டியிருக்கிறாள். இதற்கு மேலும் வெளுத்தால், முற்றத்துப் பனியில் விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் மாமனார் மஞ்சள் என்றால் மருமகளுக்கும் மஞ்சள்தான்.

"சரி மாமா. மறுபடி தேய்ச்சுத் தர்றேன்."

"இனிமே எப்ப? வேண்டாம், விடு. இப்படியே மாட்டிக்கிட்டுப் போறேன். வீட்டுல மருமகளைப் படிக்க வச்சா தொப்பி இப்படித்தான் இருக்கும்னு ஊரும் பாக்கட்டும்."

தேநீரை ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். நேற்றைய இறைச்சிச் சாறு தொடாமல் அப்படியே இருந்தது. அதையும் ஐபேரி பார்த்தாள். பார்ப்பதற்குத்தான் இந்த வீட்டில் அவளுக்குத் தடை இல்லையே.

கல்யாணம் ஆகி மூன்று வருஷம். கணவன் எர்கின் நாலாவது மாதமே நோவோசிபிர்ஸ்குக்கு ஓடு பதிக்கப் போய்விட்டான். மாமியார் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த அனுமதியில்தான் போன வருஷம் ஐபேரி செவிலியர் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த மாமியாரும் இப்போது தன் அண்ணன் பேரனைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு அட்பாஷி போய்ப் பத்து நாள் ஆகிறது. தனியாக அகப்பட்ட மாமனார் போன வாரம் சாப்பாட்டு விரிப்பின் முன்னால் உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னாரே, அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"டாக்டருக்குப் படிக்கறவளும் நர்ஸுக்குப் படிக்கறவளும் ஒரே குழுவாம். அதுலயும் என் பொண்ணும் என் மருமகளும் ஒண்ணாம்! வெள்ளிக்கிழமை பரீட்சையில உங்க குழு தோத்துச்சுன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து ஒருத்தர் வீட்டோட. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

இன்று வெள்ளிக்கிழமை.

* * *

பாலம் வரை நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்தே நடந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் ஜில்டிஸ் நின்றாள். மருத்துவப் பயிலகத்தில் ஐந்தாம் வருஷம் படிப்பவள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கோட்டுக்கு வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போய் ரொட்டியே வாங்குவாள்.

"அண்ணி, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க."

"தெரியும். தினமும்தான் வர்றேனே."

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்க யாருக்கும் தெரியாது, நீங்க எங்க வீடுன்னு. தெரிஞ்சா, சொந்தக்காரியைக் குழுவுல சேத்துக்கிட்டான்னு பேசுவாங்க."

காரணம் அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். சர்ஜன் வீட்டுப் பெண்ணின் அண்ணி சிரிஞ்சு எண்ணுகிறாள் என்று தோழிகள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"உள்ள வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க."

ஐபேரி சிரித்துவிட்டாள். "நான் என்னைக்குடி உன் பேரைச் சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. மருமகளாக வந்தவள் புகுந்த வீட்டார் பெயரைச் சொல்லுவதாவது! ஜில்டிஸ் அவளுக்கு 'படிப்புக்காரி'. மாமனார் 'வெள்ளைத் தொப்பிக்காரர்'. இந்த மூன்று வருஷத்தில் தபால்காரரிடம்கூட 'வெள்ளைத் தொப்பிக்காரருக்கு வந்த கடுதாசியா?' என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறாள். தபால்காரரும் அந்தப் பெயரைத் தேடாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

* * *

பயிலகக் கூடத்தில், மேடைக்குப் பின்னால் நீலத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: 'சேர்ந்து கற்போம், சேர்ந்து குணமாக்குவோம்.' அதன் கீழே டாக்டர் மாணவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. செவிலியர் மாணவிகளுக்கு முக்காலி. மருந்தியல் மாணவர்களை நிற்க வைத்திருந்தார்கள்.

எல்லாம் டீன் சொவெத்பெக்கின் ஏற்பாடு. கூட்டு வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே அவர் ஒரு படிவம் கொடுத்திருந்தார். 'பிற துறை மாணவர்களோடு சேர்ந்து படிப்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி? ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.' பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்துபோய்ச் சொன்னார்: "நான் யாரையும் கட்டாயப்படுத்தல. மனசுல பட்டதைப் போடுங்க. அஞ்சு மனசுல படணும்."

ஒருவனைத் தவிர எல்லோருக்கும் ஐந்தே மனதில் பட்டது. அந்த ஒருவன் மருந்தியல் மாணவன் பெக்தூர். பேனா சறுக்கி நாலில் வட்டம் விழுந்துவிட்டது. டீன் அறையில் நின்று எழுத்துமூலம் விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். அவனைத்தான் ஜில்டிஸ், ஐபேரி குழுவில் போட்டிருந்தார்கள்.

ஜில்டிஸும் ஐந்துதான் போட்டாள். போட்டுவிட்டு, ஆறு வாரமும் ஐபேரியை "நர்ஸ், அந்தப் பஞ்சு", "நர்ஸ், அந்தக் கத்தரி" என்று கூப்பிட்டாள். பெக்தூரை எதற்குமே கூப்பிடவில்லை.

பிஷ்கேக்கிலிருந்து வந்த அமைச்சகத்து அம்மாள் முன்வரிசையில் ரோமக் காலருக்குள் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். டீன் பதினான்கு பக்க உரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது ஒரு சேதி வந்தது. நோயாளியாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த நாடகக் கொட்டகை நடிகர் மலைப்பாதைப் பனியில் மாட்டிக்கொண்டாராம்.

டீனின் முகம் வெளுத்தது. அப்போதுதான் முதல் நாற்காலியிலிருந்து ஜுமாகதிர் எழுந்தார். பயிலகத்தின் கௌரவ ஆலோசகர். கூட்டு வகுப்பே கூடாது என்று எழுதிக் கொடுத்தவர். அது ஆரம்பித்ததும் அதற்கே ஆலோசகராகவும் ஒப்புக்கொண்டவர்.

"நடிகன் எதுக்கு? நாப்பதாயிரம் நோயாளியைப் பாத்தவன் நான் இருக்கேன். எனக்குத் தெரியாத வயித்துவலியா?"

கைத்தட்டல். கட்டிலில் ஏறிப் படுத்தார். விருந்தாளிக்காகப் புதிதாக வாங்கிய வெள்ளை விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"ஐயா, நோயாளி தொப்பி போட்டுக்கிட்டுப் படுக்க முடியாதே" என்று டீன் நெளிந்தார்.

"நான் நோயாளி இல்ல சொவெத்பெக். நோயாளியா நடிக்கிற சர்ஜன். தொப்பி இருக்கட்டும்."

சீட்டுக் குலுக்கினார்கள். முதல் குழு எது வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

* * *

அட்டையில் இருந்தது இதுதான்: பெயர் அசான். வயது ஐம்பத்தெட்டு. ஆடு மேய்ப்பவர். வலப்பக்க அடிவயிற்றில் வலி. நாடி தொண்ணூற்றாறு, சீரானது. குடல்வால் அழற்சி என்று கண்டுபிடித்து, அறுவைக்கு அனுப்பினால் தேர்ச்சி. இருபது நிமிஷம்.

"எங்க வலிக்குது?" என்று ஜில்டிஸ் கேட்டாள்.

"இப்படியா கேப்பாங்க? முதல்ல வணக்கம் சொல்லு" என்றார் நோயாளி.

சொன்னாள்.

"இப்பக் கேளு."

கேட்டாள். ஜுமாகதிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். நெற்றி வியர்த்தது. உதடு வெளிறியது. "என்ன நடிப்பு பாருங்க, வேர்வையெல்லாம் வரவழைக்கிறார்" என்று டீன் அமைச்சகத்து அம்மாளின் காதருகே குனிந்து சொன்னார்.

"நர்ஸ், நாடி" என்றாள் ஜில்டிஸ்.

ஐபேரி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று வருஷமாக இந்தக் கைக்குத்தான் கிண்ணம் நீட்டுகிறாள். தொட்டது இதுதான் முதல் தடவை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். நம்பாமல் இன்னொரு நிமிஷமும் எண்ணினாள்.

"நாப்பத்திநாலு. சீரா இல்ல. நடுநடுவுல விட்டுப்போகுது."

"தொண்ணூத்தாறும்மா" என்று டீன் செல்லமாகத் திருத்தினார். "அட்டையைப் பாரு."

"அட்டையைப் பாத்துட்டேன் ஐயா. கையில நாப்பத்திநாலுதான் இருக்கு."

"என் நாடி எனக்குத் தெரியாதா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எண்ணத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து டாக்டர் பக்கத்துல நிறுத்தினா இப்படித்தான். தொண்ணூத்தாறுன்னு எழுதிக்கோ."

எல்லோரும் ஜில்டிஸைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அப்பா, டீன், அட்டை. இன்னொரு பக்கம் முக்காலியிலிருந்து எழுந்துவந்த ஒரு பெண்.

ஜில்டிஸ் எழுதினாள்: தொண்ணூற்றாறு.

திங்கட்கிழமை ஐபேரியின் கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்பு, விரிப்பு, கிண்ணம். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பதினோரு நிமிஷத்தில் குடல்வால் அறுவைக்குப் போகும், குழு தேறும். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகலாம். திறந்தால் எல்லாம் கெடும்.

ஜுமாகதிர் கூட்டத்தைப் பார்த்து வேடிக்கையாகச் சொன்னார். "இந்த விரிப்பைக் கொஞ்சம் பாருங்க. மஞ்சமஞ்சேர்னு. எங்க வீட்டு மருமக துவைச்ச மாதிரியே இருக்கு!"

சபை சிரித்தது. டீன் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்.

"விரிப்பு வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள் ஐபேரி.

சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன சொன்ன?"

"விரிப்பு வெள்ளை மாமா." விடாமல் சொன்னாள். "காலையில தொப்பியும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. மூணு தடவையும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. உங்க கண்ணுக்குத்தான் மஞ்சளாத் தெரியுது."

'மாமா' என்ற சொல் முன்வரிசையிலிருந்து கடைசி முக்காலி வரை போய்த் திரும்பியது. தோழிகள் ஜில்டிஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஏதோ ஒரு பாடப்புத்தகத்தின் இடதுபக்கக் கீழ்மூலையில், சின்ன எழுத்தில் படித்த வரி ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதெல்லாம் மஞ்சள். நாடி குறையும். பசி போகும்.

"அண்ணி" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "அப்பா சாப்பிடறாரா?"

"நாலு நாளா சாறு தொடல. வாடையே ஆகலங்கறார். தேநீர்கூட ஒரு வாயோட சரி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

ஜில்டிஸ் அப்பாவிடம் குனிந்தாள். "அப்பா, காலையில ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போடறீங்களே."

"அது வைட்டமின்."

"டிஜாக்சின். பெட்டியை நான் பாத்திருக்கேன். இதயத் துடிப்புக்கு நீங்களே எழுதி நீங்களே போட்டுக்கறீங்க. கேட்டாத் திட்டுவீங்கன்னு கேக்கல. வேற எதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"நான் என்ன சாப்பிடறேன்னு உன்கிட்டக் கணக்குச் சொல்லணுமா? வேற ஒண்ணும் இல்ல."

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. பெக்தூர். ஆறு வாரத்தில் அவன் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

"ஐயா... மன்னிக்கணும். நான் சாயங்காலம் சந்தைப்பக்க மருந்துக்கடையில நிக்கறேன். போன சனிக்கிழமை ஐயா இருமலுக்குன்னு கிளாரித்ரோமைசின் வாங்கினீங்க. ஏழு நாளைக்கு."

"வாங்கினேன். அதுக்கென்ன?"

"வேற எதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு நான் கேட்டிருக்கணும். அது என் வேலை. ஆனா... நீங்க சர்ஜன்." எச்சில் விழுங்கினான். "இந்த மருந்து அந்த இதய மாத்திரையை உடம்பை விட்டுப் போகவிடாது. உள்ளேயே தங்கிச் சேந்துகிட்டே போகும். விஷமா மாறிடும்."

ஒரே மனிதருக்குப் பயந்து மூன்று பேர் ஆளுக்கு ஒரு துண்டை விழுங்கி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மூவருக்கும் ஒரே பதிலாகச் சொல்ல வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. வாந்தி வந்தது.

பக்கத்தில் வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் ஐபேரி டீன் கையிலிருந்த காகிதக் கட்டைப் பிடுங்கி நீட்டினாள். பதினான்கு பக்க உரை அன்று முதன்முறையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது.

அமைச்சகத்து அம்மாள் எழுந்து நின்று கை தட்டினார். "அருமை! இவ்வளவு தத்ரூபமா எந்த ஊர்லயும் நான் பாத்ததில்ல!"

"நடிப்பில்லம்மா இது!" என்று ஜில்டிஸ் கத்தினாள். "பெக்தூர், தள்ளுவண்டி! பக்கத்துக் கட்டடம், இதயப் பிரிவு. அண்ணி, போன்!"

பெக்தூர் ஓடினான். ஐபேரி சுவரில் இருந்த போனை எடுத்துச் சுழற்றினாள்.

"பயிலகத்துலேர்ந்து பேசறேன். அவசரம். ஒரு நோயாளியைக் கொண்டு வர்றோம்."

"நோயாளி பேரு?" மறுமுனையில் பேனா தயாராக இருந்தது.

ஐபேரி நின்றுவிட்டாள்.

"பேரைச் சொல்லும்மா. பேரில்லாமச் சீட்டுப் போட முடியாது."

கட்டிலில் அப்பாவின் தோளைத் தாங்கியிருந்த ஜில்டிஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணி, போனைக் குடுங்க, நான் சொல்றேன்."

ஐபேரி கையை உயர்த்தி வேண்டாம் என்றாள். இது அவள் வேலை. ஆறு வாரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: பெயர், வயது, என்ன பார்த்தாய், என்ன வேண்டும். விட்டுவிடாமல், வரிசை மாறாமல்.

"ஜுமாகதிர்" என்றாள். "ஜுமாகதிர் அசிலோவ். வயசு அறுபத்தேழு. நாடி நாப்பத்திநாலு, சீரா இல்ல. நாலு நாளாப் பசியில்ல. பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுது. டிஜாக்சினும் கிளாரித்ரோமைசினும் சேத்துச் சாப்பிட்டிருக்கார். ஈ.சி.ஜி. தயாரா வைங்க. ரத்தத்துல மருந்து அளவு பாக்கணும்."

செவிலியர் வரிசையில் பாதிப் பேர் மருமகள்கள். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் இருந்த மனிதர் பாதிக் கண்ணைத் திறந்து போன் இருந்த பக்கம் பார்த்தார்.

* * *

சாயங்கால வெயில் மலை விளிம்பில் இருக்கும்போதே சேதி நல்லதாக வந்துவிட்டது. இரண்டு மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் படுக்கையிலேயே முடிந்திருக்கும் என்று இதயப் பிரிவு டாக்டர் கூசாமல் சொன்னார்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்றும் கேட்டார்.

ஜில்டிஸ் ஐபேரியைக் காட்டினாள். ஐபேரி பெக்தூரைக் காட்டினாள். பெக்தூர் ஜில்டிஸைக் காட்டினான். டாக்டர் சலித்துக்கொண்டு போய்விட்டார்.

மார்பில் கம்பிகள் ஒட்டி, முதுகில் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கியில் கௌரவ ஆலோசகர் படுத்திருந்தார். பின்பக்கம் கொஞ்சம் திறந்துதான் இருக்கும் அந்த அங்கி. முப்பத்திரண்டு வருஷமாக அதை மற்றவர்களுக்கு மாட்டிவிடச் சொல்லி உத்தரவு போட்டவர் அவர். தொப்பி தலைமாட்டில் இருந்தது.

டீன் சொவெத்பெக் நுனிக்காலில் உள்ளே வந்தார். கையில் மதிப்பெண் தாள்.

"ஐயா, உடம்பு தேவலையா? அமைச்சகத்து அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. ஒரே ஒரு சின்ன சங்கடம். படிவப்படி பாத்தா, இந்தக் குழு குடல்வாலைக் கண்டுபிடிக்கல. அறுவைக்கும் அனுப்பல. நாடியையும் அட்டைக்கு மாறாச் சொல்லிட்டாங்க. அதனால..."

"அதனால?"

"தோல்வி ஐயா. படிவத்தை நான் மாத்த முடியாது பாருங்க."

பெக்தூர் தரையைப் பார்த்தான். ஜில்டிஸின் கை தானாகப் போய் ஐபேரியின் கையைப் பிடித்தது. ஐபேரி மாமனாரைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. சொல்ல வேண்டிய தீர்ப்பு போன வாரமே வந்தாயிற்று.

ஜுமாகதிர் கூரையைப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும்.

"நான் ஒரு சொல் சொல்லியிருக்கேன்" என்றார். "குழு தோத்தா, திங்கக்கிழமையிலேர்ந்து ஒருத்தர் வீட்டோடன்னு. எங்க வம்சத்துல சொன்ன சொல்லை மாத்தறதில்ல."

"அப்பா!"

"இரு. ஒருத்தர் வீட்டோட. அது நான்தான்." டீன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சொவெத்பெக், கௌரவ ஆலோசகர் பதவிக்கு வேற ஆளைப் பாரு. நான் நாலு நாளா என் வயித்துல ஒரு விஷத்தை வச்சுக்கிட்டு மருமக தொப்பி துவைக்கலன்னு பேசிக்கிட்டிருந்திருக்கேன். எனக்கு யாருக்கும் ஆலோசனை சொல்ற யோக்யதை இல்ல."

"ஐயா, அப்படிச் சொல்லிட்டா..."

"அந்தத் தாளை மடிச்சு வச்சுக்கோ. அடுத்த தடவை யாராவது வாந்தி எடுத்தா உதவும்."

டீன் வந்த நுனிக்காலிலேயே திரும்பிப் போனார். வாசலில் நினைவு வந்தவர்போல் நின்று பெக்தூர் கையில் மூன்று காகிதங்களைத் திணித்துவிட்டுப் போனார். வகுப்பு முடிந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவம். 'பிற துறை மாணவர்களோடு சேர்ந்து படித்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி?'

பெக்தூர் அதை உற்றுப் பார்த்தான். "இந்தத் தடவை நிஜமாவே அஞ்சு போடலாம்னு இருக்கேன். நம்புவாரா?"

"எழுத்துமூலம் விளக்கம் கேப்பார்" என்றாள் ஜில்டிஸ்.

கட்டிலில் இருந்தவருக்கும் சிரிப்பு வந்தது. மார்புக் கம்பிகள் ஆடின. திரையில் கோடு ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. சிரிப்பு அடங்கியதும் ஐபேரியைக் கிட்டே வரச் சொன்னார்.

"என் பேரைச் சொன்ன."

ஐபேரியின் தலை தானாகக் குனிந்தது. "மன்னிச்சுக்குங்க மாமா. வேற வழி தெரியல."

"திட்டறதுக்குக் கூப்பிடல." குரல் கரகரத்தது. "எங்கம்மா இருக்கறப்ப, நான் பனியில விளையாடப் போயிட்டேன்னா வாசல்ல நின்னு கூப்பிடுவா. எங்க போயிட்டானோன்னு ஒரு அவசரம் இருக்கும் அதுல. அவ போனதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் அப்படிச் சொன்னதில்ல. டாக்டர்ம்பாங்க, ஐயாம்பாங்க. இன்னைக்குப் போன்ல நீ சொன்னப்ப, கண்ணை மூடிக்கிட்டு இருந்தவன் திறந்து பாத்தேன்."

ஐபேரி அவர் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"தொப்பியை எடு. என்ன நிறம்?"

"வெள்ளை மாமா."

"வெள்ளைதான்." ஒத்துக்கொண்டார். "எனக்கு நல்லாத் தெரிய இன்னும் ரெண்டு நாளாகுமாம். அதுவரைக்கும் நீ சொல்றதுதான் நிறம்."

வார்டு செவிலி தேநீர்க் கெண்டியும் கிண்ணங்களும் கொண்டுவந்து வைத்தாள். ஐபேரியின் கை வழக்கம்போல் கெண்டியை நோக்கிப் போனது.

"நீ உக்காரு. படிப்புக்காரி ஊத்தட்டும்" என்றார் ஜுமாகதிர்.

ஜில்டிஸ் திடுக்கிட்டாள். அண்ணி தனக்கு வைத்திருக்கும் பெயர் அப்பாவுக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஐபேரிக்கும் தெரியாது.

"என்ன பாக்கறீங்க? காது எனக்கு எப்பவும் நல்லாத்தான் கேட்டுது."

ஜில்டிஸ் ஊற்றினாள். முழுக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அரைக் கிண்ணம் ஊற்றினால், இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். மூன்று வருஷமாக ஐபேரி அந்த வீட்டில் எல்லோருக்கும் அரைக் கிண்ணம்தான் ஊற்றியிருக்கிறாள். அவளுக்கு யாரும் ஊற்றியதில்லை. ஜில்டிஸ் அரைக் கிண்ணம் ஊற்றி, வலக்கையில் ஏந்தி, மரியாதைக்கு இடக்கையால் முழங்கையைத் தொட்டு நீட்டினாள்.

"குடிங்க அண்ணி. திங்கக்கிழமையிலேர்ந்து பாலத்துக்கு அந்தப் பக்கமும் சேந்தே போவோம்."

ஐபேரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணில் வந்ததை ஆவி மறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஜில்டிஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒன்பது நாளாக ஒரு வார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் எர்கின். ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தாள்.

'சனிக்கிழமை விடிய வர்றேன். இங்க வீடு பாத்துட்டேன், ஐபேரிக்கு வேலையும் பேசிட்டேன். படிப்பெல்லாம் போதும். அவளைச் சாமான் கட்டி வைக்கச் சொல்லு.'

நாளைக்குத்தான் சனிக்கிழமை.

"யாரும்மா?" என்றார் ஜுமாகதிர்.

"காலேஜ் சேதிப்பா."

போனை அணைத்துப் பையில் போட்டாள். ஐபேரியின் கிண்ணம் காலியாகி இருந்தது. ஜில்டிஸ் கெண்டியை எடுத்தாள். அளவு தவறவில்லை.

அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள்.